இறங்க மட்டும் ஒரு சைக்கிள்

கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் மிதிப்பதற்காக யாரும் சைக்கிள் வாங்குவதில்லை. உச்சிக்கு லிஃப்ட் தூக்கிப்போகும். சைக்கிளும் தன் பங்குக்கு மரியாதையாகத் தொங்கியபடி ஏறிவரும். இறங்குவதைப் புவியீர்ப்பு இலவசமாகப் பார்த்துக்கொள்ளும். அந்த இலவசத்தை அனுபவிக்கத்தான், நல்ல பழைய கார் ஒன்றை வாங்கும் பணத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

பணத்துக்குப் பதிலாக முன்னும் பின்னும் சுமார் 200 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் இரட்டைக் கிரவுன் ஃபோர்க், 16, 17 கிலோ எடை எல்லாம் கிடைக்கும். தெருமுனைக் கடைக்குப் போய்வர மட்டும் வேறு சைக்கிள் பார்க்க வேண்டும்.

1976இல் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைப் பக்கம் இளைஞர்கள் பந்தயம் வைத்து இறங்கியது பழைய ஷ்வின் சைக்கிள்களில். ஒரு தடவை இறங்குவதற்குள் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். புதிதாக அடைத்துக்கொண்டுதான் அடுத்த இறக்கம். இன்று கிரீஸ் பத்திரமாக இருக்கிறது; புகைவது பர்ஸ்.

“உழைக்குமா?” என்று கேட்டால் கடைக்காரர் அலுமினிய ஃபிரேமைத் தட்டிக் காட்டுவார். பொய்யில்லை. கியர் மாற்றியைத் தாங்கும் சிறு துண்டு, அடிபட்டால் தான் உடைந்து ஃபிரேமைக் காப்பாற்றும். ஓட்டுபவர் உடம்பிலும் அப்படியொரு தியாகி உண்டு: காறை எலும்பு. ஸ்பேர் கிடைப்பது என்னவோ சைக்கிளுக்கு மட்டும்தான்.