எழுந்திருக்காதவன்

சிரிப்பு வந்தால் சிரிப்பதற்கும் தைரியம் வேண்டியிருக்கிறது. 2019 கடைசியில் லண்டன் யங் விக் அரங்கில் 'ஃபேர்வியூ' பார்க்கப் போனபோது அது என்னிடம் இல்லை. ஜாக்கி சிப்லீஸ் டிரூரி எழுதி, அந்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற நாடகம். ஒரு கறுப்பினக் குடும்பம் பாட்டியின் பிறந்தநாள் விருந்துக்குத் தயாராகிறது. தொலைக்காட்சித் தொடர் போல ஒரே கலகலப்பு. முன்வரிசைக் கறுப்பினப் பெண்மணி சிரித்தால் நானும் சிரித்தேன். அவர் சிரிக்காத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டால், இருமினேன்.

இரண்டாம் பகுதியில் அதே காட்சிகள் மறுபடி நடக்கின்றன. இம்முறை அந்தக் குடும்பத்தின் பேச்சு நமக்குக் கேட்காது. கேட்பதெல்லாம் கண்ணில் படாத நான்கு வெள்ளையர்களின் அரட்டை. எந்த இனமாக வேண்டுமானாலும் மாறலாமென்றால் எதுவாக மாறுவீர்கள் என்று ஓயாமல் பேசுகிறார்கள். "அபத்தம், அபத்தம்" என்று மனைவியின் காதில் விமரிசித்துக்கொண்டே இருந்தேன். "கொஞ்சம் பார்க்க விடுங்க" என்றாள்.

முடிவில் அந்த வீட்டு மகள் கீஷா கதையை விட்டு வெளியே வந்து, பார்வையாளர்களில் வெள்ளையராக இருப்பவர்கள் மேடைக்கு வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். காலனியாட்சிக்கு நஷ்ட ஈடாக அந்த இருக்கையை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டதைப் போல.

வெளியே பாரில் கூட்டம் கலையவில்லை. மேடையேறிய பெரியவர் ஒருவர், எழுந்தது சரியா என்றே புரியவில்லை, மேலே நின்றபோது கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை என்றார். பாவம், அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வந்தவர். நான் விடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் தொடங்கினேன். 1948இல் கரீபியக் குடியேறிகளோடு விண்ட்ரஷ் கப்பல் வந்தது, 1968இல் குடியேற்றத்தை எதிர்த்து ஈனோக் பவல் பேசியது என்று அவர் ஊர்ச் சரித்திரத்தை அவருக்கே ஒப்பித்தேன். அவரும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

பக்கத்தில் நின்ற கறுப்பின மாணவி ஒருத்தி, "நாடகம் தொடங்கும்போது கீஷாவின் அம்மா என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டாள்.

"சமையல்" என்றேன், பொத்தாம்பொதுவாக.

"கேரட் தோல் சீவிக்கொண்டிருந்தார்" என்று சொல்லிவிட்டுத் தோழிகளிடம் போய்விட்டாள். நான்கு குரல் என்று நாடகாசிரியர் கணக்குப் போட்டிருந்தார். ஐந்தாவது குரல் பாரில் நின்றுகொண்டிருந்தது.

வாட்டர்லூ நிலையத்துக்கு நடக்கும்போது மனைவி கேட்டாள்: "ஏங்க, உங்க அக்கா பொண்ணு வரன் விளம்பரத்துல 'நல்ல சிவப்பு'ன்னு போட்டது யாரு?"

"நான் டைப் பண்ணிக் கொடுத்ததோட சரி. வாசகம் அக்காவோடது."

"அப்ப அடுத்த தடவை அக்காவையும் கூட்டிட்டு வருவோம்," என்றாள். "ஏறச் சொன்னா ரெண்டு பேரும் ஏறுங்க."