கச்சேரிப் படவிலக்கணம்: கையடக்கக் கேமரா இயல்

பாயிரம்

ஒரு நூலைப் பற்றிய இன்னின்ன செய்திகளைப் பாயிரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த முறை. இடநெருக்கடி கருதி ஐந்து மட்டும் இங்கே சொல்லப்படுகின்றன.

நுதலிய பொருள்: சென்னை மார்கழிக் கச்சேரிகளில் படமெடுக்கச் சட்டைப் பையில் அடங்கும் கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. எல்லை: மேடை மைக் முதல் கேண்டீன் வாசல் வரை. காலம்: வர்ணம் முதல் மங்களம் வரை. கேட்போர்: வெளிநாட்டிலிருந்து வரும் மச்சினரிடம் ஒரு கேமரா வாங்கி வரச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போர். பயன்: அம்மச்சினரிடம் மாடல் எண்ணைத் தடுமாறாமல் சொல்ல முடிதல்.

இனி, இப்பொருளுக்கு முன்னோர் நூல் உண்டோ எனின், இல்லை. ஏன் இல்லை என்பதுதான் வியப்பு. 35 மி.மீ. ஃபிலிமில் படமெடுக்கும் சின்னஞ்சிறு லைகா 1925இலேயே கடைக்கு வந்துவிட்டது. இரண்டே ஆண்டில், 1927 டிசம்பரில், சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் அதன் வழியே வளர்ந்தது. ஆக, கையடக்கக் கேமராவும் மார்கழி சீசனும் ஏறக்குறைய ஒரே வயதினர். அப்படியிருந்தும் இருவருக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அக்குறையை நீக்கவே இந்நூல் எழுந்தது.

1. இருக்கை இயல்

*இருக்கை அறிந்தபின் வாங்குக கேமரா;*
*நெருக்கம் உளதேல் நீளம் வேண்டா.*

என்பது முதல் நூற்பா. என் சொல்லிற்றோ எனின், கடைக்குப் போகுமுன் டிக்கெட்டில் வரிசை எண்ணைப் பார் என்றது. நீளம் என்றது லென்ஸின் குவியத் தூரத்தை. உலக வழக்கில் ஜூம்.

இதற்குக் கணக்கு உண்டு. மேடைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து 36ஆல் பெருக்குங்கள். வருவதை லென்ஸின் குவியத் தூரத்தால் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சமமாகப் பெட்டியில் போட்டிருக்கும் எண்) வகுங்கள். படத்தில் அடங்கும் அகலம் மீட்டரில் கிடைக்கும். பத்து மீட்டர் தொலைவில் 70 மி.மீ. வைத்தால் அகலம் சுமார் ஐந்து மீட்டர்: பாடகர், வயலின், மிருதங்கம், தம்புரா எல்லாரும் அடங்குவர். அதே இடத்தில் 200 மி.மீ. வைத்தால் 1.8 மீட்டர்: பாடகர் மட்டும் சட்டத்தை நிறைப்பார். இருபத்தைந்து மீட்டருக்குப் போய் அதே 200 மி.மீ. வைத்தால் 4.5 மீட்டர்: மீண்டும் குழுப்படம்தான்.

இதிலிருந்து பெறப்படும் விதி யாதெனின், டிக்கெட் விலை ஏற ஏறத் தேவைப்படும் ஜூம் இறங்கும் என்பது. கேமராவில் ஏற்றும் பணத்தை டிக்கெட்டில் ஏற்றினால் படம் நன்றாக வரும். பாட்டும் நன்றாகக் கேட்கும். இது கேமரா விற்போர் சொல்லாத இரகசியம்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பது அடுத்த வினா. நேர் எதிரே உட்கார்ந்தால் பாடகரின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் மைக் இருக்கும். ஆகவே சற்றே ஒதுங்குக. நம் பார்வையில் மிருதங்கம் இடப்புறம், வயலின் வலப்புறம் என்பது மேடை மரபு. மிருதங்கத்தின் வலக்கைப் பக்கமான வலந்தலை சபையை நோக்க வேண்டும் என்பது அதன் காரணம். இருவரும் பாடகரை நோக்கித் திரும்பி உட்காருவதால், அரங்கின் இடப்புறம் இருப்போர்க்கு வயலின்காரர் முகமும், வலப்புறம் இருப்போர்க்கு மிருதங்கக்காரர் முகமும் வாய்க்கும்.

இதற்குப் புறனடை ஒன்று உண்டு. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை போல இடக்கை வழக்கமுள்ளவர் வாசித்தால் பக்கவாத்தியங்கள் இடம் மாறும், விதியும் தலைகீழாகும். ஆகவே திரை விலகும்வரை இருக்கையை உறுதி செய்யற்க.

2. ஒளி இயல்

*அகன்றசென் சாரும் அகன்றவாய் லென்சும்*
*புகன்றன இரண்டே, பிறவெலாம் விளம்பரம்.*

என்பது இரண்டாம் நூற்பா. இது மெகாபிக்சல் என்னும் மயக்கம் நீக்குதல் நுதலிற்று.

மேடையில் விளக்கு இருக்கிறதே, வெளிச்சத்துக்கு என்ன குறை என்று கேட்பார் உளர். கண்ணுக்குக் குறையில்லை, கேமராவுக்கு உண்டு. வெயிலில் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால் சபா மேடை கேமராவுக்கு அந்தி நேரம். கிடைக்கும் கொஞ்ச ஒளியைப் பிடிக்கும் பாத்திரம்தான் சென்சார். ஒரே மழையில் முற்றத்தில் அண்டாவையும் டம்ளரையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும் என்பதைப் பாட்டியிடம் கேட்டாலே போதும்.

மலிவான கையடக்கக் கேமராக்களில் இருக்கும் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். ஓரங்குல வகை எனப்படுவது 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம்; பரப்பில் நான்கு மடங்கு. இந்த வகையைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்து பெயர் பெற்றது 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100.

லென்ஸின் வாயை எஃப் எண் சொல்லும். எண் சிறுத்தால் வாய் பெருக்கும். கேமராவின் நெற்றியில் இரண்டு எஃப் எண்கள் இருக்கும்: முதலாவது ஜூம் செய்யாதபோது, இரண்டாவது முழு ஜூமில். கடைக்காரர் முதல் எண்ணையே உரக்கச் சொல்வார். கச்சேரி ரசிகர் இரண்டாம் எண்ணையே படிக்க வேண்டும். ஏனெனில் அவர் வாழ்வு முழுவதும் முழு ஜூமிலேயே கழியும்.

எடுத்துக்காட்டு: 2018இல் வந்த கேனான் எஸ்எக்ஸ்740. நாற்பது மடங்கு ஜூம், 960 மி.மீ. வரை நீளும். பால்கனியின் கடைசி வரிசையிலிருந்தே பாடகரின் மூக்குத்தியை எண்ணலாம் என்று மனம் பொங்கும். ஆனால் முழு ஜூமில் அதன் எஃப் எண் 6.9, சென்சார் டம்ளர் வகை. ஓரங்குல சென்சாரும் எஃப் 2.8 லென்ஸும் உள்ள கேமராவோடு ஒப்பிட்டால், லென்ஸில் ஆறு மடங்கும் சென்சாரில் நான்கு மடங்கும் ஆக மொத்தம் சுமார் 25 மடங்கு ஒளி குறையும். அக்குறையை ஈடுகட்டக் கேமரா ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறனை ஏற்றும். பிறகு புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைத் தானே வழித்துத் துடைக்கும். துடைத்தபின் மூக்குத்தி இருக்காது. சில சமயம் மூக்கும் இருக்காது.

கேமராக்கள் ஆகவே மூவகைப்படும்.

உத்தமம்: முன்வரிசைக்கு உரியது. 24 முதல் 70 மி.மீ. வரை, முழு ஜூமிலும் எஃப் 2.8 தரும் ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் பதிப்பு (2014), 100 மி.மீ. வரை அதே 2.8 தரும் கேனான் ஜி7எக்ஸ் இரண்டாம் பதிப்பு (2016).

மத்திமம்: நடுவரிசைக்கு உரியது. 200 மி.மீ. வரை நீண்டு எஃப் 4.5இல் நிற்கும் ஆர்எக்ஸ்100-இன் ஆறாம் பதிப்பு (2018), 250 மி.மீ. வரை நீண்டு 5.9க்கு இறங்கிவிடும் பானசோனிக் டிஇசட்100 (2016).

அதமம்: பால்கனிக்கு உரியது. சட்டைப் பையில் அடங்கும் கேமரா எதுவும் இதற்குப் போதாது. பால்கனியில் இருப்போர் பாட்டுக் கேட்கக் கடவர்.

இனி ஓர் இடர். பாடகரின் பின்னே விளம்பரத் தட்டி பளீரென்று நிற்கும். முன்னே காஞ்சிப் பட்டின் சரிகை, வைரத்தோடு, ஜிப்பாவின் வெள்ளை. கேமரா தட்டியை அளந்தால் முகம் இருளும். மற்றதை விட்டு முகத்தை மட்டும் அளந்தால் சரிகை வெளுத்துப்போகும். முகத்தை அளந்துகொண்டு, ஒளித்திருத்தத்தை அரைப் படியோ முக்கால் படியோ இறக்கிவிடுவதே நடுநிலை. தட்டியில் உள்ள அப்பளக் கம்பெனி வெளுத்துப் போனால் போகட்டும்.

3. கால இயல்

*தனியே எடுத்தற் குரிய காலம்;*
*இனிய ஆலாபனை எடுத்தற் காகாது.*

என்பது மூன்றாம் நூற்பா. தனி என்றது தனி ஆவர்த்தனத்தை. அப்போது ரசிகப் பெருமக்களில் ஒரு சாரார் கேண்டீனை நோக்கி எழுவது உலகறிந்த வழக்கம். முன்னே உள்ள தலைகள் குறையும். மிருதங்கத்தின் முழக்கத்தில் சிறு ஓசைகள் மறையும். மிருதங்க வித்வானைப் பொறுத்தவரை, எழுந்து போகாமல் இருப்பதே நீங்கள் செய்யும் மரியாதை. படம் எடுப்பது அதன் மேல் போனஸ்.

அற்றேல், மிருதங்கக்காரர் விரல்களுக்கு எது வேகம் என வினவின், வினாடியில் 250இல் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்த வேகத்தில் ஒளி போதாது. மெதுவாக எடுத்தால் கை இருந்த இடத்தில் ஆவி இருக்கும். கேமராவில் உள்ள அதிர்வுநீக்கி நம் கை நடுக்கத்தைத்தான் நீக்கும். வித்வானின் விரலை நிறுத்தாது. இங்கே நூற்பா தன்னோடு தானே முரண்படுகிறதே என்பார்க்கு விடை: தனியின்போது பாடகரை எடு. அவர் தாளம் போட்டுக்கொண்டு, மிருதங்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வாய் மூடியிருப்பார். 125இல் ஒரு பங்கு போதும். அகாரத்தின் உச்சியில் வாய் பிளந்தபோது பிடித்த படத்தை எந்தப் பாடகரும் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டியதில்லை.

எல்இடி விளக்குள்ள மேடையில் மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே கோடு கோடாகப் பட்டைகள் விழுவதுண்டு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 100இல் ஒரு பங்குக்கோ 50இல் ஒரு பங்குக்கோ இறக்கினால் பட்டைகள் பெரும்பாலும் மறையும்.

4. ஒழுக்க இயல்

*விளக்கும் ஒலியும் திரையும் கையும்*
*அளக்க அடங்கின் அவையோர் பொறுப்பரே.*

என்பது நான்காம் நூற்பா. விளக்கு என்றது ஃபிளாஷை. மூன்று மீட்டரில் அது தரும் வெளிச்சத்தில் 25இல் ஒரு பங்கே பதினைந்து மீட்டரில் போய்ச் சேரும். பாடகருக்கு எரிச்சல் மட்டும் கிடைக்கும். முன்வரிசை மாமாவின் பின்தலை மட்டும் ஒளிரும். ஃபோகஸ் பிடிக்க முன்னே சிவப்பாக ஒரு சிறு விளக்கு எரியுமே, அதையும் அணைக்க. ஒலி என்றது பீப் ஓசையை. திரை என்றது பின்பக்கத் திரையின் வெளிச்சத்தை, அதைக் குறைக்க. பார்வைத் துளை உள்ள கேமராவானால் கண்ணை அதில் வைத்துத் திரையை அடியோடு அணைக்கலாம். கை என்றது தலைக்கு மேல் தூக்கும் கையை. தூக்கற்க.

இவ்வொழுக்கத்துக்கு முன்னோடி உண்டு. ஜெர்மானியர் எரிக் சாலமன், எஃப் 2 லென்ஸ் பொருத்திய எர்மனாக்ஸ் என்னும் சிறு கேமராவைத் தம் தொப்பிக்குள் ஒளித்துவைத்து, 1928இல் பெர்லின் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையைப் படமெடுத்தார். ஃபிளாஷ் இல்லை. தொப்பி மரபு நம்மிடம் இல்லை, அங்கவஸ்திரம் உண்டு. எனினும் ஒளித்து எடுத்தல் இந்நூலுக்கு உடன்பாடன்று. பல சபாக்களில் படமெடுக்கத் தடை. கச்சேரிக்கு முன்பே அறிவிப்பார்கள். முதலில் அனுமதி கேட்க.

5. மாற்றார் மதம்

கைப்பேசியே போதும் என்பாரும் உளர். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் சுமார் 24 மி.மீ. பதினைந்து மீட்டரிலிருந்து எடுத்தால் 22 மீட்டர் அகலம் விழும்: மேடை, திரைச்சீலை, இருபுறத் தட்டிகள், தீயணைப்பான் எல்லாம். உட்கார்ந்திருக்கும் பாடகர் படத்தின் உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. தொலை லென்ஸ் உள்ள கைப்பேசிகள் இப்போது உண்டே எனின், உண்டு; அந்த லென்ஸுக்குப் பின்னே இருப்பது பெரும்பாலும் இன்னும் சிறிய டம்ளர்.

பெரிய கேமராவே தகும் என்பாரும் உளர். படம் நன்றாக வரும் என்பதை மறுக்கவில்லை. கண்ணாடி உள்ள வகையானால் அது எழுந்து விழும் ஓசை மூன்று வரிசைக்குக் கேட்கும் என்பதையும் அவர்கள் மறுக்கமாட்டார்கள். கையடக்கக் கேமராவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அதன் ஓசை பக்கத்து இருக்கைக்கே எட்டுவது அரிது.

கச்சேரிக்கு வந்தது கேட்கவா, படமெடுக்கவா என்பார் மூன்றாமவர். இவரே வலிய எதிரி. இவருக்கு இந்நூல் தரும் விடை: கையடக்கக் கேமராவின் தலைசிறந்த குணம் சென்சாரும் இல்லை, லென்ஸும் இல்லை, பைக்குள் போய்விடுவது. பெரிய கேமரா மடியில் உட்கார்ந்து எடு எடு என்று நச்சரிக்கும். கைப்பேசி, எடுத்த படத்தை உடனே யாருக்காவது அனுப்பு என்று கெஞ்சும். இது இரண்டும் செய்யாது.

முடிபு

முன்வரிசைக்குக் குறுகிய ஜூமும் எஃப் 2.8ம் உள்ள ஓரங்குல கேமரா. நடுவரிசைக்கு 200 மி.மீ.; பால்கனிக்குக் காது. இம்முடிபை முன்வரிசை டிக்கெட் விலை தடுக்குமே எனின், அதற்கும் வழி உண்டு. சீசனில் பல சபாக்களின் மதியக் கச்சேரிகள் இலவசம். இளம் கலைஞர்கள் பாடுவார்கள். முன்வரிசை பெரும்பாலும் காலியாகவே இருக்கும். மாலையில் மூத்த வித்வானை எடுக்க நாற்பது பேர் இருப்பார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பாடும் பெண்ணை எடுக்க அவள் அப்பா மட்டும்தான் இருப்பார், அவரும் பதற்றத்தில் ஃபிளாஷ் அடித்துவிடுவார்.

ஆகவே வாசகர்களே, மதியக் கச்சேரிக்குப் போங்கள். சபா செயலாளரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். தனியில் நாலைந்து படம் எடுத்ததும் கேமராவைப் பையில் போட்டுவிட்டு மங்களம் வரை உட்கார்ந்து கேளுங்கள். வெளியே வரும்போது அந்த அப்பாவின் கைப்பேசி எண்ணை வாங்கி, படங்களை மறக்காமல் அனுப்பிவையுங்கள்.