கதவு எத்தனை மணிக்குத் திறந்தது?

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்திறங்கிய வீட்டுக்கு வெள்ளவத்தையில் முதலில் வருகிறவர் சொந்தக்காரர் அல்ல. சொந்தக்காரர்கள் பெட்டி திறக்கிற நேரம் பார்த்துப் பின்னேரம்தான் வருவார்கள். முதலில் வருகிறவர் நட்டஈட்டு மாமா.

போன வருஷம் ஆடியில் நல்லூர்க் கொடியேற்றத்துக்கென்று பாரிசிலிருந்து அக்கா குடும்பம் வந்தது. விடியப்புறம் நாலேகாலுக்குக் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியவர்கள். பாரிசில் பிளேன் பிந்தி, வளைகுடாவில் அடுத்த பிளேனைத் தவறவிட்டு, வான் ஹம்டன் லேனுக்குள் திரும்பும்போது மத்தியானம் பன்னிரண்டு. சப்பாத்துகள் இன்னும் வாசலில் கிடந்தன. சின்னவன் சோபாவில் சரிந்து நித்திரை. மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாமா: வெள்ளைச் சேர்ட், பொக்கற்றில் இரண்டு பேனா, கக்கத்தில் ரோஸ் நிற ஃபைல் மட்டை, அதற்குள் ஒரு சீ.ஆர். கொப்பி.

பிரயாணம் எப்படி, பிள்ளைகள் சாப்பிட்டதுகளோ, அங்கே குளிரோ, ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"பிள்ளை, கதவு எத்தினை மணிக்குத் திறந்தவங்கள்?"

அக்கா எங்கள் வீட்டு வாசல் கதவைப் பார்த்தாள்.

"இந்தக் கதவில்லை. பிளேன் கதவு."

"ஒன்பதே கால் இருக்கும் மாமா."

"இருக்கும் கிருக்கும் எழுதேலாது. வடிவா யோசிச்சுச் சொல்லு."

அக்காவின் மகளுக்கு வயது பதினாறு. கதவு திறந்த கையோடு போனில் வீடியோ எடுத்திருந்தாள், நேரத்தோடு. 9.21. மாமா அந்தப் பிள்ளையைப் பார்த்த பார்வை, ஓ.எல்.லில் ஒன்பது ஏ எடுத்த பேத்தியைப் பார்க்கிற பார்வை. கொப்பியில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "அஞ்சு மணித்தியாலம் ஆறு நிமிஷம். ஆளுக்கு 600 யூரோ. நாலு பேர். 2,400."

அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த அத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளவத்தையில் மாடிக்கு மாடி ஒரு கலியாணத் தரகர் இருப்பதுபோல, விசா ஃபோம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு மாஸ்டர் இருப்பதுபோல, இந்த இனமும் இருக்கிறது. பென்சன் எடுத்தவர். பிள்ளைகள் வெளியில். இங்கிலிஷ் கடிதம் எழுதத் தெரியும், அதைவிட மறுகடிதம் எழுதத் தெரியும். எங்கள் மாமா கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியின் டெலெக்ஸ் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். டெலெக்ஸ் செத்துப்போன பிறகும் அவர் உயிரோடு இருப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஆம் இலக்கச் சட்டம்தான் காரணம் என்று மாமி சொல்வார். பாதி பகிடி, பாதி கவலை.

2005 பெப்ரவரி 17இல் அமுலுக்கு வந்த சட்டம் அது. விமானப் பயணிகளுக்குத் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ நட்டஈடு. மாமா அதைத் தேவாரம்போலப் பாடமாக்கி வைத்திருக்கிறார். அதிலும் ஒன்பதாம் பிரிவு என்றால் குரல் தழுதழுக்கும். நீண்ட நேரம் காத்திருக்க வைத்தால் கொம்பனிக்காரன் சாப்பாடு கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஹோட்டல் கொடுக்க வேண்டும், அதோடு இரண்டு தொலைபேசி அழைப்பு, அல்லது ஃபாக்ஸ், அல்லது ஈமெயில், அல்லது டெலெக்ஸ் இலவசம். உண்மையாகவே டெலெக்ஸ் என்று சட்டத்தில் இருக்கிறது.

"ரெண்டு டெலெக்ஸ் சும்மா அடிக்கலாம். கேட்டனீங்களோ?"

"டெலெக்ஸ் எண்டா என்ன தாத்தா?" என்றாள் அந்த ஒன்பது ஏ பிள்ளை. மாமா பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

இந்தச் சட்டத்தை எழுதியபோது, ரத்தானதற்கும் ஏற்ற மறுத்ததற்கும்தான் காசு என்று எழுதினார்கள். பிந்தியதற்குக் காசு என்று அதில் இல்லை. மூன்று மணித்தியாலம் பிந்தி இறங்கினவனும் ரத்தானவனும் ஒன்றுதான் என்று லக்சம்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் 2009 நவம்பரில் சொன்ன பிறகுதான் மாமா போன்றவர்களுக்கு விடிந்தது. ஒவ்வொரு தீர்ப்பும் அவருக்கு ஒரு திருநாள். 2008இல் வந்த ஒன்றின்படி, சும்மா இயந்திரக் கோளாறு "அசாதாரண சூழ்நிலை" ஆகாது. 2017இல் வந்ததின்படி, பறவை மோதினால் ஆகும். துணை விமானி புறப்பட முதல் ஹோட்டல் அறையில் திடீரென்று இறந்துபோனால்? அதுவும் கொம்பனியின் சாதாரணத் தொழில் ஆபத்துத்தான், காசைக் கொடு என்று 2023 மே மாதம் தீர்ப்பு. அந்தப் பாவப்பட்ட மனிதருக்காக மாமா ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார். பிறகு, "காகம் மோதினா இல்லை, விமானி செத்தா உண்டு. நல்ல சட்டம்" என்றார்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது கதவுத் தீர்ப்பு. சால்ஸ்பேர்க்கிலிருந்து கொலோன் போன ஒரு பிளேன். சக்கரம் நிலத்தில் முட்டும்போது பிந்தியது 2 மணி 58 நிமிஷம். உரிய இடத்தில் வந்து நிற்கும்போது 3 மணி 3 நிமிஷம். எது கணக்கு? ஒரு கதவாவது திறந்து, சனம் இறங்கலாம் என்று ஆகிற நேரம்தான் கணக்கு என்று 2014இல் முடிவானது. அதுவரைக்கும் உள்ளே இருக்கிறவன் அடைபட்டவன், வந்துசேர்ந்தவன் அல்ல. "இதை எழுதினவன் ஆரோ, இடுக்கண் பட்டவன்" என்பார் மாமா.

ஐரோப்பா என்றால் சரி. எங்கள் பக்கம்? நானும் ஒருமுறை ஆசைப்பட்டேன். மச்சாளின் கலியாணச் சேலை எடுக்கச் சென்னை போய்த் திரும்பும்போது ஆறு மணித்தியாலம் பிந்திவிட்டது. போர்டிங் கார்டைக் கவனமாக எடுத்துக்கொண்டு போய் மாமாவுக்கு முன்னால் வைத்தேன். அவர் தொட்டும் பார்க்கவில்லை.

"இந்தியாவில பிந்தினதுக்குச் சாப்பாடுதான், காசில்லை. சொல்லாமல் ரத்துச் செய்தால் பத்தாயிரம் ரூபா வரைக்கும் உண்டு. ரத்துச் செய்தவங்களோ?"

"இல்லை மாமா, கொண்டுவந்து விட்டுட்டாங்கள்."

"பிறகென்ன. மொன்றியல் உடன்படிக்கையில கேட்கலாம். ஆனா பிந்தினதால வந்த நட்டத்தை நிரூபிக்க வேணும். உனக்கு என்ன நட்டம்?"

யோசித்துப் பார்த்தேன். சேலை கையில் இருந்தது. விமான நிலையத்தில் தந்த இட்லியும் வயிற்றில் இருந்தது. ஒரு நட்டமும் இல்லாத மனுஷனாக வீடு திரும்பினேன்.

அன்றைக்குத்தான் மாமா உலக நியாயத்தை எனக்கு விளங்கப்படுத்தினார். பாரிசிலிருந்தோ லண்டனிலிருந்தோ புறப்பட்டால் எந்த நாட்டுக் கொம்பனியாக இருந்தாலும் சட்டம் பிடிக்கும். அதே கொம்பனியின் பிளேனில் கட்டுநாயக்காவிலிருந்து அங்கே போனால், அது ஐரோப்பியக் கொம்பனியாக இல்லாவிட்டால், சட்டம் திரும்பியும் பார்க்காது. அதே சீற், அதே சனம், அதே குழந்தையின் அழுகை. "அங்கயிருந்து வாற பிளேன் பிந்தினா யூரோ. இங்கயிருந்து போற பிளேன் பிந்தினா பிளேன்ரீ." வெள்ளவத்தையில் இப்போது இது பழமொழிபோல ஆகிவிட்டது.

ரொறன்ரோக்காரரை மாமா கொஞ்சம் இரக்கத்தோடுதான் பார்ப்பார். அங்கே 2019 டிசம்பரிலிருந்து சட்டம் உண்டு, பெரிய கொம்பனியென்றால் ஒன்பது மணித்தியாலத்துக்கு 1,000 டொலர். ஆனால் "பாதுகாப்புக்காகப் பிந்தினோம்" என்று கொம்பனி சொன்னால் காசு இல்லை. "கனடாக்காரன் சட்டத்தை எழுதி, கள்ளச் சாவியையும் அதிலயே தொங்கவிட்டிருக்கிறான்."

கொட்டாஞ்சேனையில் இவருக்கு ஒரு எதிர்க்கட்சி இருக்கிறது. சாந்த லூசியா கோயிலடியில் குடியிருக்கும் ஒரு பழைய வாஃப் கிளாக். அவருக்கு மனிதர்கள் பிந்துவதில் அக்கறை இல்லை. பெட்டிகள்தான் அவர் துறை. பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், பிந்தி வந்தால் கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் முறைப்பாடு, வழக்கென்றால் இரண்டு வருஷத்துக்குள். பெட்டிக்கு உச்சவரம்பு ஆளுக்கு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை, ஏறக்குறைய 2,000 டொலர். அது பன்னாட்டு நாணய நிதியத்தின் கண்ணால் காணாத காசு. 2022க்குப் பிறகு ஐ.எம்.எஃப். என்றால் என்னவென்று இந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியுமாகையால் அவர் அதை விளங்கப்படுத்துவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிற மனுஷன். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோனியார். மூன்று செவ்வாயில் பெட்டி வராவிட்டால்தான் மொன்றியல்.

இரண்டு பேரும் ஒருமுறை பொரளைக் கனத்தையில் ஒரு செத்தவீட்டில் சந்தித்தார்கள். ஆள் பிந்தியதற்கும் பெட்டி பிந்தியதற்கும் வெவ்வேறாகக் கேட்கலாமா என்ற கேள்வியில் மட்டும் ஒத்துப்போனார்கள். கேட்கலாம். கேட்காதவன் விசரன். பெட்டியை இறக்குகிற நேரம்வரைக்கும் பேசினார்கள். நான் சொல்வது மனிதரை வைத்த பெட்டியை.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் கடிதத்துக்கு ஆறு கிழமையில் பதில் வந்தது: தொழில்நுட்பக் கோளாறு, அசாதாரண சூழ்நிலை, வருந்துகிறோம். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. 2008 தீர்ப்பை இலக்கத்தோடு எழுதி மறுகடிதம் போட்டார். அடுத்து வந்தது ஆளுக்கு 800 யூரோ வவுச்சர். அத்தாருக்கு ஆசை வந்துவிட்டது. "800 எண்டா கூடத்தானே மாமா?" மாமா ஃபைலைத் திறந்து ஏழாம் பிரிவைக் காட்டினார். காசாக, வங்கிக்கு, அல்லது காசோலையாகத்தான் கொடுக்க வேண்டும். பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டும் வவுச்சர். "கையெழுத்து வைச்சியோ, வருஷம் முடியப் பேப்பர் துண்டு." வட்ஸ்அப்பில் அத்தாரின் முகத்தைப் பார்த்தபடி அவர் இதைச் சொன்னதால் அத்தாரால் மறுக்க முடியவில்லை. பிறகு மூன்று மாசம் சத்தமில்லை. மாமா மாதம் ஒரு கடிதம், முதலாம் திகதி, தவறாமல். சித்திரை பிறக்க முதல் 2,400 யூரோ அக்காவின் கணக்கில் விழுந்தது.

இதற்கென்றே வெளியில் கொம்பனிகள் இருக்கின்றன. மூன்றிலொரு பங்குபோல எடுத்துக்கொள்வார்கள். மாமா சதம் எடுப்பதில்லை. அக்கா அனுப்பிய சொக்லேட் பெட்டியைக்கூட, சீனி வருத்தம் என்று கீழே செக்கூரிட்டிப் பெடியனிடம் கொடுத்துவிட்டார். கேட்டது ஒன்றுதான்: நாலு போர்டிங் கார்டும் தன் ஃபைலுக்கு வேண்டும்.

அந்த ஃபைலில் அடியில் ஒரு மஞ்சளாகிப்போன தாள் இருக்கிறது. 83 ஆடிக் கலவரத்தில் இதே ஹம்டன் லேனில் அவர்கள் வாடகைக்கிருந்த வீடு எரிந்த பிறகு எழுதிய பட்டியல். தையல் மெஷின் 1, ரேடியோ 1, பித்தளைக் குத்துவிளக்கு 2, பிள்ளைகளின் புத்தகங்கள். மூன்று பிரதி கேட்டார்களாம், மூன்று கொடுத்தாராம். நாலாவது இது. அதற்கு என்ன வந்தது என்று நான் கேட்டதில்லை. கதவு எத்தனை மணிக்கு உடைந்தது என்று அதில் எழுதியிருக்கிறது.

மாமா வாழ்க்கையில் ஒருமுறைதான் ஐரோப்பாப் பக்கம் போயிருக்கிறார். மகனைப் பார்க்க லண்டன். திரும்பி வரும்போது ஹீத்ரோவில் மூன்று மணி இருபது நிமிஷம் பிந்தியது. எல்லோரும் கொதித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக நடந்து திரிந்தாராம். இங்கிலாந்துச் சட்டத்தில் மூன்று மணிக்கு மேல் நாலுக்குள் 260 பவுண். தனக்கும் மாமிக்கும் 520. ஆனால் விமானி கெட்டிக்காரன், பின்னாலிருந்து காற்றும் தள்ளிவிட்டது. கட்டுநாயக்காவில் பிளேன் வந்து நின்றபோது மாமா மணியைப் பார்த்தார். 2 மணி 54 நிமிஷம். சனம் முழுக்க எழும்பி, பெட்டிகளை இறக்கி, கதவு எப்போ திறக்கும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு மனுஷன் மட்டும் பெல்ட்டைக் கழற்றாமல் இருந்து, இன்னும் ஆறு நிமிஷம் திறக்கக்கூடாது என்று கதிர்காமக் கந்தனை மன்றாடிக்கொண்டிருந்தார்.

2 மணி 57 நிமிஷத்தில் திறந்தார்கள்.

மாமி இந்தக் கதையைச் சொல்லும்போது மாமா எழும்பி மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போய்விடுவார்.

2025 ஜூனில் ஐரோப்பிய அமைச்சர்கள் கூடி, மூன்று மணித்தியாலத்தை நாலாகவும், நெடுந்தூரத்துக்கு ஆறாகவும் கூட்ட வேண்டும் என்று இணங்கியபோது, தனக்கு வாக்குரிமை இல்லாத ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு மாமா மூன்று பக்கத்தில் ஆட்சேபக் கடிதம் எழுதினார். மூன்றாம் பக்கத்தில் டெலெக்ஸை எடுத்துவிட வேண்டாம் என்று தனியாக ஒரு வேண்டுகோள்.

ஆகவே, இந்த ஆடிக்கு அங்கேயிருந்து வருகிறவர்களே: போர்டிங் கார்டைக் குப்பையில் போடாதீர்கள். ஏன் பிந்தியது என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வவுச்சரில் கையெழுத்து வைக்காதீர்கள். கதவு திறக்கும்போது பெட்டியைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பாருங்கள். மாமா ஐந்து மணிக்கு நடக்கப் போவார், ஆறரைக்கு வீட்டில் இருப்பார். பிளேன்ரீ தருவார்கள், சீனி போடாமல்.