மாப்பிள்ளைக்குக் கார் வந்திருக்கு

வாங்க மாப்பிள்ளை, வாங்க. காரை அந்த வேப்பமரத்தடியிலயே விட்டுட்டு வாங்க. நமக்கு நெழல் இல்லாட்டியும் பரவாயில்ல, அதுக்கு வேணும். பால் சொசைட்டிக்கா போயிட்டு வர்றீங்க? நல்லது. ரெண்டு லிட்டர் பாலைக் கொண்டுபோய் ஊத்தறதுக்கு ஆயிரம் கிலோ இரும்பும் தொணைக்குப் போயிட்டு வருது. நம்ம எருமைக்கு இந்த மரியாதை தெரிஞ்சா சந்தோசத்துல இன்னும் அரை லிட்டர் சேத்துக் கறக்கும்.

கோவிச்சுக்காதீங்க. கார் வாங்கினது தப்புன்னு நாஞ்சொல்லல. அப்படிச் சொல்ற சீமையிலயா இருக்கோம்? நாமக்கல்லுல லாரிக்குப் பாடி கட்டறாங்க. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி நாடு பூராப் போய்த் தொளை போடுது. சங்ககிரிப் பக்கம் எந்தத் திண்ணையில உக்காந்தாலும் லாரிக் கதைதான். சக்கரத்துல சோறு திங்கற சனம் நாம. இந்த மண்ணுல நின்னுக்கிட்டு வண்டி வேண்டாம்னு பேசினா, நாமக்கல் ஆஞ்சநேயருக்கு முன்னால நின்னு வடைமாலை வேண்டாம்னு சொல்றாப்பல ஆயிரும்.

நாங்கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சொசைட்டி அரைக் கிலோமீட்டர். எஞ்சின் சூடேறறதுக்குள்ள போய்ச் சேந்துர்றீங்க. குளுந்த எஞ்சின்தான் எச்சா எண்ணெய் குடிக்கும்னு உங்க மெக்கானிக்கையே கேட்டுப் பாருங்க. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டுருச்சு. பாலுக்கு என்ன குடுக்கறாங்க? சரி விடுங்க, கணக்குப் போட வேண்டாம். போட்டா உங்களுக்குத் தூக்கம் கெடும், எனக்குச் சிரிப்பு வரும்.

எம்பேத்தி புருசனோட நெதர்லாந்துல ஐந்தோவன்ங்கற ஊர்ல இருக்கறது உங்களுக்குத் தெரியுமே. போன்ல மூஞ்சி பாத்துப் பேசறப்ப ஒரு நாளு, மழையில நனைஞ்சுக்கிட்டே சைக்கிள் மிதிச்சுட்டு வர்றா. முன்னால தொட்டியாட்டம் பெட்டி வெச்ச சைக்கிள், அதுக்குள்ள ரெண்டு பிள்ளைங்க. இங்க இருந்தப்ப ஸ்கூட்டி இல்லாமத் தெருமுனைக்குப் போகமாட்டா, உங்களுக்கே தெரியும். எனக்கு வயிறு கலங்கிப் போச்சு. "ஏஞ்சாமி, மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா?"ன்னு கேட்டுட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. அங்க எல்லாரும் இப்படித்தானாமா. மார்க் ருட்டேன்னு ஒருத்தர், பதினாலு வருசத்துக்குக் கிட்டப் பிரதமரா இருந்தவரு, அவரே ஆபீசுக்குச் சைக்கிள்ல போவாராமா. நம்ம பக்கம் வார்டு மெம்பர் ஆனதும் மொத வேலையா வண்டி முன்னால கொடி கட்டறாங்க. அவரு பாவம், கொடி கட்டறதுக்கே எடமில்லாத வண்டியில போயிருக்காரு.

சரி, வெள்ளைக்காரனுக்கு ஞானம் பொறந்துருச்சாக்கும்னு நெனைச்சேன். விசாரிச்சுப் பாத்தா ஞானமும் இல்ல, கீனமும் இல்ல. அவங்களும் நம்மளாட்டமே காருக்குப் பறந்தவங்கதான். கால்வாயைத் தூத்து ரோடாக்கியிருக்காங்க. 1971-ல மட்டும் அந்தச் சின்ன நாட்டு ரோட்டுல மூவாயிரத்துக்கு மேல சனம் அடிபட்டுச் செத்துருக்கு. அதுல நானூறுக்கு மேல பிள்ளைங்க. அப்புறந்தான் பெத்தவங்க நடுரோட்டுக்கு வந்து மறிச்சாங்க. பிள்ளைக் கொலையை நிறுத்துங்கன்னே இயக்கத்துக்குப் பேரு வெச்சாங்க. அது நடந்துக்கிட்டு இருக்கறப்பவே 1973-ல அரபு நாட்டுக்காரங்க எண்ணெய்க் குழாயை மூடினாங்க. அந்த நவம்பர் மாசத்துல இருந்து கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கெழமையில யாரும் காரை வெளிய எடுக்கப்படாதுன்னு சர்க்கார் சொல்லிருச்சு. காலியாக் கெடந்த பெரிய ரோட்டுல சனம் சைக்கிள் விட்டுச்சு, நடந்துச்சு, வெளையாடுச்சு. ஒரு தடவை ருசி கண்டா விடுவாங்களா? சைக்கிளுக்குத் தனித் தடம் போடு, கார் வேகத்தைக் கொறைன்னு நச்சரிச்சு வாங்கிட்டாங்க. இன்னிக்கு அந்த நாட்டுல ஆளு 1.8 கோடி, சைக்கிள் 2.3 கோடி. ஊத்ரெக்ட்னு ஒரு ஊரு, அதுல ரயிலடிக்குக் கீழ மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்தலாம். 2019-ல கட்டி முடிச்சாங்க.

அவங்க கார்ல இருந்து எறங்கினதுக்குச் சாவும் எண்ணெய்ப் பஞ்சமும் காரணம். நாம சைக்கிள்ல இருந்து எறங்கினதுக்கு என்ன காரணம், சொல்லுங்க பாக்கலாம்.

வெயில்ங்கறீங்க. நாஞ்சைக்கிள் மிதிச்ச காலத்துலயும் சித்திரை சித்திரையாத்தான் இருந்துச்சு. ரோட்டோரம் புளியமரம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். நாலுவழிச் சாலைக்கு அதை வெட்டிப் போட்டாங்க, அதையும் ஒத்துக்கறேன். ஆனா மரத்தை வெட்டறதுக்கு ரொம்ப முன்னாலயே நீங்க எறங்கிட்டீங்களே. தூரம்ங்கறீங்க. இளம்பிள்ளையில இருந்து சேலைக்கட்டு சேலத்துக்குச் சைக்கிள்ல வந்துச்சு. பரமத்திவேலூர்ல வெத்தலைக் கட்டு சைக்கிள்ல போச்சு. பால்கேனு, முட்டை அட்டை, பாவு நூலு எல்லாத்துக்கும் அந்தக் கேரியர்தான். ஊருக்குப் போகணும்னா முன்னால பாருல பிள்ளை, பின்னால பொண்டாட்டி, ஹேண்டில்பார்ல மஞ்சப்பை. அதுக்கும் வருசா வருசம் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டணும். ராத்திரி விளக்கில்லாமப் போனாப் போலீஸ்காரரு வால்டியூப்பைப் புடுங்கிக்குவாரு. அவருக்கு அன்னிக்கு வேற வேலை கம்மி.

நிசக் காரணத்தை நாஞ்சொல்றேன், வெளிய சொல்லிப்போடாதீங்க. கல்யாணத்துக்கு மொபெட்டுல வந்தவனை "வாங்க வாங்க"ன்னு கூட்டிக்கிட்டுப் போய் மொதப் பந்தியில எலை போட்டாங்க. சைக்கிள்ல வந்தவனை "சித்த வாழைமரத்தைப் புடி"ன்னாங்க. அன்னிக்கு எறங்கினதுதான். மரியாதைக்காக எறங்கினோம், மாப்பிள்ளை. கால் வலின்னு சொன்னதெல்லாம் பொய். சைக்கிளும் வாட்சும் ரேடியோவும் சீரா வெச்ச காலம் போயி, பைக்கு வந்துச்சு, பைக்கு போயி இப்பக் காரு. உங்கப்பாரு எந்தங்கச்சியைக் கட்டறப்பச் சைக்கிள்தான் கேட்டாரு. டைனமோ வெச்சது வேணும், செயினுக்கு முழுக் கவர் போட்டது வேணும்னு மொகம் தூக்கிக்கிட்டு நின்னவரு. அந்த மனுசன் மகனுக்கு இன்னிக்குச் சைக்கிள்னா ஏழைப் பொழப்பாத் தெரியுது.

அதே மரியாதை வேறொரு சீமையில எப்படித் திரும்புச்சுன்னு பாருங்க. 1990 வாக்குல, ஆம்பளைங்க சைக்கிளை விட்டு எறங்கிக்கிட்டு இருந்த அதே காலத்துல, புதுக்கோட்டையில பொம்பளைங்க ஏறினாங்க. ஷீலா ராணி சுங்கத்னு ஒரு அம்மா கலெக்டரு. அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக் குடுத்துச்சு, கூடவே சைக்கிளும் சொல்லிக் குடுத்துச்சு. கல்லுடைக்கறவங்க, வயக்காட்டு வேலைக்குப் போறவங்க, பள்ளிக்கூட டீச்சரு, எல்லாரும் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கடையில தீந்து போயி, ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. சில பேருக்கு அதுதான் புடிச்சுதாமா, பாருல பிள்ளையை உக்கார வெக்கலாமில்ல. பஸ்ஸுக்கும் புருசனுக்கும் காத்துக்கிட்டு நிக்கற வேலை மிச்சம். கேலி பண்ண ஆம்பளைங்களுக்குப் பஞ்சமில்ல. ஆனாப் பெல் சத்தத்துல அது கேக்கல.

அப்புறம் சர்க்காரே குடுக்க ஆரம்பிச்சுது. 2001-ல ஜெயலலிதாம்மா ஆட்சியில மேல்நிலைப் படிப்புக்குப் போற ஆதிதிராவிட, பழங்குடிப் பொண்ணுங்களுக்குன்னு தொடங்கி, 2005 வாக்குல அரசு பள்ளிக்கூடத்துல பதினொண்ணாவது படிக்கற எல்லாப் பிள்ளைங்களுக்கும்னு ஆச்சு. நம்ம ரோட்டுல இன்னிக்கு எவனாச்சும் சைக்கிள் மிதிக்கறான்னா பாதிக்கு மேல அந்தப் பிள்ளைங்கதான். பன்னெண்டாவது முடிஞ்சதும் பையன் பைக்குக்கு அழுவான். சைக்கிள் அப்பங்கிட்ட வரும். அப்பன் புல்லுக்கட்டு வெப்பான். புல்லுக்கட்டுக்கு மரியாதைப் பிரச்சினை கெடையாது.

2011 கணக்கெடுப்புல இந்தியாவுல நூறு வீட்டுக்கு அஞ்சு வீட்டுலகூடக் கார் இல்ல. சைக்கிள் இருந்தது 45 வீட்டுல. ஆனா ரோடு போடறப்ப யாரை நெனைச்சுப் போட்டாங்கன்னு பாருங்க. சேலம் ஐந்து ரோட்டுல 2020-ல ஈரடுக்குப் பாலம் தொறந்தாங்க. பாலத்துக்கு மேல இன்னொரு பாலம். பாக்க அழகாத்தான் இருக்குது, கொறை சொல்லல. அந்த ரெண்டு மாடிக்கும் நடுவுல ஒரு முழம் சைக்கிளுக்குன்னு விட்டிருக்கலாம். கேக்க ஆளில்ல. கேக்க வேண்டிய சனம் எல்லாம் காருக்கு லோன் கேட்டுக்கிட்டு இருந்துச்சு.

அதனால உங்களை நாலுவழிச் சாலையில சைக்கிள்ல போங்கன்னு சொல்ல மாட்டேன். எந்தங்கச்சி என்னைச் சும்மா விடமாட்டா. டிரெய்லர் லாரிக்காரன் கண்ணுக்கு நாமெல்லாம் தெரியறதில்ல. அங்க நெதர்லாந்துல சைக்கிள்காரன் மேல கார் மோதினா நட்டத்துக்குப் பெரும்பாலும் கார்க்காரனே பதில் சொல்லணும்னு சட்டம். இங்க விழுந்தவன்தான் எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான்.

ஏற்காட்டுக்கும் போகச் சொல்லல. ஞாயித்துக்கெழமை காலையில அடிவாரத்துல பாத்திருப்பீங்களே, காருக்கு முதுகுல சைக்கிளைக் கட்டிக்கிட்டு வர்றாங்க. சைக்கிள் ஒரு லட்சமாமா. அதுல மட்காடும் இல்ல, ஸ்டாண்டும் இல்ல, கேரியரும் இல்ல. அரைக்கிலோ தக்காளி வாங்கினா எங்க வெப்பாங்க? இருபது வளைவு ஏறி எறங்கி, மறுபடி கார் மேலயே கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிர்றாங்க. வாரத்துக்கு ஒருக்கா சைக்கிளும் ஊர் பாக்கட்டும், நல்லதுதான்.

நாஞ்சொல்றது நம்ம பொழப்பு நடக்கற தூரம். சொசைட்டி, ரேஷன் கடை, மாரியம்மன் கோயில், பேக்கரி, தோட்டம். ஐந்தோவன்லயும் எம்பேத்தி மிதிக்கறது இந்தத் தூரந்தானாமா. பெரிய தூரத்துக்கு ரயிலு, எப்பவாச்சும் காரு. நீங்களும் காரை வெச்சுக்குங்க. சேலத்துல டாக்டரைப் பாக்க, மழை நாள்ல ஒறம்பரை வீட்டுக்குப் போக, எந்தங்கச்சியைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போக. மத்த நேரம் கவர் போட்டு மூடி வைங்க. மூடி வெச்சாத்தான் வெலை ஒசந்த காருன்னு ஊர் நெனைக்கும். மரியாதையும் கெடாது.

சைக்கிளுக்கு எங்க போறதுன்னுதானே பாக்கறீங்க? அதுக்குத்தான் நாம்பாட்டுக்கு இவ்வளவு பேசினேன். போன போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்றேன்னு பழைய இரும்புக்காரனுக்கு ஒரு சைக்கிளை எடை போட்டீங்களே, ஞாபகம் இருக்குதா? உங்கப்பாரு மொகம் தூக்கி வாங்கின அதே சைக்கிள். நீங்க எடைக்குப் போட்டீங்க, நான் அந்தாளை ரோட்டுலயே மறிச்சு எடைக்கே வாங்கிட்டேன். தொண்டுபட்டியில சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கேன், வந்து பாருங்க. ஓவராயில் பண்ணியாச்சு. பேரிங் குண்டு புதுசு, ரெண்டு டயரும் புதுசு, ரிம் கோட்டம் எடுத்தாச்சு. டைனமோகூட எரியுது.

அன்னிக்கு எங்கப்பன் சீராச் சும்மா குடுத்தாரு. அவரு ஏமாந்த மனுசன். இன்னிக்கு நாலாயிரம். உங்க கார் லோனு அஞ்சாந்தேதி புடிக்கறாங்கன்னு தங்கச்சி சொன்னா, அதனால நாலாந்தேதியே குடுத்துருங்க.