ஆற்றுக்கு ஆறு பாடம்

பினாங்கு ஆறு படிப்பில் மோசம். வருஷா வருஷம் பரீட்சை எழுதுகிறது. வருஷா வருஷம் ரிப்போர்ட் கார்டு வருகிறது. பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

பாடங்கள் ஆறு. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அமோனியா நைட்ரஜன், கலங்கலாக மிதக்கும் துகள், பி.ஹெச். ஒவ்வொன்றுக்கும் எடை போட்டுக் கூட்டி, சுற்றுச்சூழல் இலாகா நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறது. 81-க்குக் குறையாமல் வாங்கினால் சுத்தமான ஆறு. 60 முதல் 80 வரை லேசாக மாசுபட்டது. அதற்கும் கீழே மாசுபட்டது. வகுப்பு பிரிப்பதுகூட உண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக. முதல் வகுப்பு உச்சம். நான்காம் வகுப்புத் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்சலாம். ஐந்தாம் வகுப்புத் தண்ணீர் எதற்கும் ஆகாது. நம் ஆறு அந்த ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் பல வருஷம் குந்தியிருந்த பிள்ளை. இடையிடையே வகுப்பு ஏறிவிட்டது என்று அறிவிப்பு வரும். அப்போது பாலத்தில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கைதட்ட வேண்டும்.

இந்தப் பரீட்சையில் ஒரு தர்மசிந்தனையும் இருக்கிறது. ஆக்சிஜன் பாடத்தில் செறிவு எட்டு சதவீதத்துக்குக் கீழே போனால் சுத்த பூஜ்யம். அதில் கருணை கிடையாது. ஆனால் பி.ஹெச். பாடம் அப்படியல்ல. சாக்கடைத் தண்ணீரின் பி.ஹெச். பெரும்பாலும் 7-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆகவே எந்தச் சாக்கடையும் அந்தப் பாடத்துக்கான பன்னிரண்டு மதிப்பெண்ணில் கிட்டத்தட்ட முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடும். அமோனியா நைட்ரஜன் என்பது நம் வீட்டுக் கழிப்பறைக்கு ஆய்வுக்கூடம் வைத்த கௌரவமான பெயர். மலக்கிருமி எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று கேட்கும் ஏழாவது பாடம் இந்தக் கூட்டலில் இல்லவே இல்லை. அதை வேறு தாளில் அளப்பார்கள். நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் சேராது.

பரீட்சை வைப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அளக்காத ஆறு அநாதை ஆறு. என் கோபமெல்லாம், பல வருஷமாகப் பரீட்சை மட்டும் நடத்திக்கொண்டு, பாடம் எடுக்க ஒரு வாத்தியாரையும் அனுப்பாத பள்ளிக்கூடத்தின் மேல்.

போன வாரம் காலை பாலத்தில் நின்று பார்த்தேன். வற்றம். இரண்டு கரையிலும் கரும்பச்சைச் சேறு பளபளக்கிறது. அடியிலிருந்து குமிழி குமிழியாக ஏதோ மேலே வந்து உடைகிறது. உடைந்த இடத்தில் எண்ணெய் வானவில் போல விரிகிறது. குப்பையை மறிக்கக் கட்டிய மிதவையில் ஒரு தலையணை, பாதி சோபா, ஸ்டைரோஃபோம் பெட்டி, சாமிக்குப் போட்டுக் கழற்றிய சாமந்தி மாலை. அந்த மாலையின் மேல் ஓர் உடும்பு வெயில் காய்கிறது. பக்கத்தில் ஆற்றை நேசிக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகை. 'நம் ஆறுகளை நேசிப்போம்' இயக்கம் தொடங்கியது 1993-ல். நேசத்துக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் பெண் பார்க்கவே வரவில்லை.

ஆற்றுக்கு மருத்துவமே நடக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. 2009 ஆகஸ்ட் 8-ஆம் தேதி பினாங்கில் ஒரு திருவிழா நடந்தது. பூமித்தாயிடம் பத்து லட்சம் மன்னிப்பு என்று பெயர். மண்ணில் தவிட்டையும் வெல்லப்பாகையும் கலந்து, ஜப்பானின் ஒக்கினாவாப் பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றிப் பிசைந்து, டென்னிஸ் பந்து அளவுக்கு உருட்டி, பூசணம் பூக்கவிட்டு, தண்ணீரில் எறிந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள். பள்ளிப் பிள்ளைகள், தலைவர்கள், கேமராக்கள். மூச்சுத் திணறிக் கிடக்கும் நோயாளியின் வாயில் தவிட்டுக் கொழுக்கட்டை ஊட்டிவிட்டுக் குணமாகிவிடுவான் என்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆற்றில் கழிவைக் கொட்டும் குழாய் ஒன்றையும் அடைக்கவில்லை. குழாயை அடைத்தால் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான்; உருண்டைக்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

இந்த ஆற்றில் செத்த பூனை ஒன்று மிதந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது லோங்காங் என்ற தெருச் சாக்கடையில் கிடந்தவரை மாநகர் மன்றத்துப் பூனை. ஆற்றில் விழுந்ததும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பூனை. அது அழுகித் தண்ணீர் கெட்டால் சுற்றுச்சூழல் இலாகா பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் வழியாக வந்திருந்தால் இண்டா வாட்டர் என்ற கழிவுநீர் நிறுவனம். கரையில் ஒதுங்கினால் ஆற்றோர நிலம் யாருடையது என்று நில அலுவலகத்தில் கேட்க வேண்டும். பூனை புத்திசாலியாக இருந்தால் கடல்வரை நடு ஆற்றிலேயே போய்விடும். கடலுக்குப் போனபின் அது யாருடைய பூனையும் இல்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-லேயே வந்தது. உள்நாட்டு நீர்நிலையை அனுமதியின்றி மாசுபடுத்துவது அதன் 25-ஆவது பிரிவில் குற்றம். 2024-ல் திருத்தி, அபராத உச்சவரம்பை ஒரு கோடி ரிங்கிட்டுக்கு ஏற்றினார்கள். ஒரு கோடி! கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது. அந்த ஒரு கோடிக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு லோங்காங் மூடியைத் தூக்கி மிச்சக் குழம்பை ஊற்றும் கைக்கும் நடுவே ஒரு அதிகாரி நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் தூங்குவார். நியாயம்தான், மறுநாள் காலை ஆற்றுவிழாவுக்கு டீ-சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டுமே.

குழம்பு யாருடையது என்றும் பேசிவிடுவோம். இந்த ஊரின் நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு நம் பெருமை. அதன் எண்ணெய் நம் ஆற்றின் மேல் மிதக்கிறது. எண்ணெயைப் பிடிக்கும் தொட்டியைக் கழுவித் துடைக்காத கடை, காய்கறிச் சந்தை, மீன் கழுவிய தண்ணீர், கார் பட்டறை எல்லாம் ஒரே லோங்காங்கில் சங்கமம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு ஏறுகிறோம். தெருவெல்லாம் தேங்காய், பந்தலெல்லாம் பிளாஸ்டிக் கிண்ணம். துப்புரவுத் தொழிலாளர்கள் விடியவிடிய அள்ளியது போக மிச்சத்தை அடுத்த மழை கீழே கொண்டுபோகிறது. தண்ணீரின் பெயரைச் சொல்லிக் குன்றில் இருக்கும் முருகனுக்கு நாம் திருப்பித் தரும் காணிக்கை அது. ஒரு காலத்தில் இதே ஆற்றங்கரையில் நம் சலவைத் தொழிலாளர்கள் ஊர்த்துணியை வெளுத்தார்கள். டோபி காட் என்று தெருப்பெயர் இன்னும் நிற்கிறது. இன்று அங்கே வெள்ளை வேட்டியை முக்கினால் பக்கத்து ஆயர் ஈத்தாம் என்ற ஊர்ப்பெயருக்கு அர்த்தம் விளங்கும். மலாயில் அது கறுப்புத் தண்ணீர்.

சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். எழுபதுகளில் கூவத்தில் படகு விட்ட ஊர்க்காரர்கள் நீங்கள்.

இங்கே எழுதிக் கத்தியவர்கள் இல்லாமல் இல்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 2019-ல் கண்மூடும்வரை நடத்தினார். கடலுக்கு அக்கரையில் ஜூரு ஆற்று மீனவர்கள் தொழிற்சாலைக் கழிவால் மீனை இழந்து நின்றபோது, எழுபதுகளிலேயே அவர்களுக்காகக் குரல் கொடுத்த கூட்டம் அது. மனு எழுதினார்கள், மாதிரி எடுத்தார்கள், தமிழிலும் பத்திரிகை போட்டார்கள். அந்த மனுக்களை அடுக்கியிருந்தால் ஆற்றுக்கு இரண்டு பக்கமும் கரை எழுப்பியிருக்கலாம்.

நாம் ஆற்றைப் பார்க்கப் போகாவிட்டால் ஆறு நம்மைப் பார்க்க வரும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு வெள்ளமாக வந்தது. பினாங்கு மாநிலத்தில் ஏழு பேர் செத்தார்கள். ஜாலான் பி.ரம்லி பக்கம் பெரிய மழை வந்தாலே நாற்காலியைக் கட்டிலின் மேல் ஏற்றும் வீடுகள் இருக்கின்றன. வெள்ளம் வடிந்தபின் சுவரில் ஒரு கோடு நிற்கும். இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக. அந்த ரிப்போர்ட் கார்டை அலமாரியில் வைக்க முடியாது. அலமாரியே மிதந்து போயிருக்கும்.

அடுத்த ஆற்றுவிழாவுக்கு உங்களை அழைத்தால் போங்கள். டீ-சட்டையையும் வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வருஷம் ஆற்றில் திறக்கும் எத்தனை குழாய்களை அடைத்தீர்கள், அவை யார் யாருடையவை? மதிப்பெண்ணைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தி, மறுபடியும் குழாயைக் கேளுங்கள்.

தாவரவியல் பூங்காவுக்கு மேலே, இதே ஆற்றின் ஒரு கிளையான அருவித் தண்ணீரைப் பிடித்து ஊருக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அங்கிருந்து நான் நின்ற பாலத்துக்குக் காரில் கால்மணி நேரம்.