யாரும் எழுதாத முகவரி

1980களில் எங்கள் வீட்டிலிருந்து பெண்ணின் போட்டோ வெளியே போவது லேசான காரியமில்லை. ஸ்டூடியோவில் எடுத்த படம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவரில் ஜாதக நகலோடு போகும். படத்தின் பின்னால் என்ன எழுதுவது என்பது அம்மாவின் பொறுப்பு. பெயர், நட்சத்திரம், அவ்வளவுதான். முகவரி கூடாது, அது தரகரோடு இருக்கட்டும் என்பார். வரன் தட்டிப்போனால் அப்பா அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று ஜாதகத்தையும் போட்டோவையும் கேட்டு வாங்கி வந்துவிடுவார். "பொம்பளப் பிள்ள படம் ஊர்ல எங்கயும் கெடக்கக் கூடாது" என்பது அவர் கட்சி. ஸ்டூடியோக்காரரிடமிருந்து நெகட்டிவையும் வாங்கிப் பீரோவில் பூட்டினார்.

இப்போது அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறோம். மொட்டை மாடியில் செல்போனில் எடுத்த படத்தை மின்னஞ்சலில் அனுப்ப உட்கார்ந்தாள். அனுப்பும் முன் அந்தக் கோப்பை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எந்த போன், எந்தத் தேதி, எத்தனை மணி எல்லாம் இருந்தது. கீழே ஜிபிஎஸ் என்ற தலைப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை. அந்த எண்களை மேப்பில் போட்டதும் சிவப்புக் குறி எங்கள் வீட்டின் மேலேயே வந்து நின்றது.

"மாமா, இதை நாம எழுதவே இல்லையே?"

எழுதியது போன். எக்சிஃப் என்னும் இந்த முறை 1995-ல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. ஷட்டர் வேகம், லென்ஸ் திறப்பு போன்றவற்றைப் படத்தோடு சேர்த்து வைக்கும் நல்ல ஏற்பாடுதான். போனுக்குள் ஜிபிஎஸ் வந்ததும் இடமும் அதில் ஏறிக்கொண்டது. 2012 டிசம்பரில், ஒரு கொலை தொடர்பாக விசாரிக்க பெலீஸ் நாட்டுப் போலீஸ் தேடிய ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். உடன் சென்ற வைஸ் இதழின் பத்திரிகையாளர்கள் வெளியிட்ட ஒரே படம், அதில் ஏறியிருந்த ஜிபிஎஸ் குறிப்பால், அவர் குவாத்தமாலாவில் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்த மனிதர் அவர்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இந்தக் குறிப்புகள் கழன்றுவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். "கிளாரிட்டி போயிடும், டாக்குமெண்டா போடுங்க" என்று தரகர் கேட்பதில் தப்பில்லை, ஆனால் கூடவே வீட்டு வாசலும் போகிறது. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் கைக்கு அந்தப் படம் மாறும். போய்க் கேட்டு வாங்கிவர எந்த அப்பாவாலும் முடியாது.

அழிப்பது சுலபம். விண்டோஸில் அதே டீடெய்ல்ஸ் பக்கத்தின் அடியில் 'ரிமூவ் ப்ராப்பர்டீஸ்' என்று இருக்கிறது. ஐபோனில் பகிரும்போது 'ஆப்ஷன்ஸ்' தொட்டு லொகேஷனை அணைக்கலாம். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை நிறுத்தினால் இனி எடுக்கும் படங்களில் அது ஏறாது. ஏற்கெனவே எடுத்தவற்றில் இருப்பது இருக்கும், அவற்றைத் தனியே அழிக்க வேண்டும். பின்னணியில் தெரியும் கதவு எண்ணை மட்டும் எந்த பட்டனும் அழிக்காது, அதை எடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்களே, அடுத்த படத்தை அனுப்பும் முன் அந்த டீடெய்ல்ஸ் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள்.