பார்லிமெண்டு வழங்கிய பெட்டிச் சுதந்திரம்

பெர்லின்

அன்புள்ள சித்தப்பாவுக்கு அநேக நமஸ்காரம். 

இன்டர்நெட் கம்பெனிக்காரனே ஒரு ரௌட்டரைக் கொடுக்கும்போது, அதை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கடையில் காசு கொடுத்து வேறொன்று வாங்குவானேன் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் ஜெர்மனியில் இது சிக்கனத்தைப் பற்றிய விஷயமன்று, உரிமையைப் பற்றியது. முன்பு இங்குள்ள கம்பெனிகளிற் சில, மாப்பிள்ளையை ஏற்றவர்கள் அவனுடைய அத்தையையும் கூடத்தில் குடியேற்றியாக வேண்டும் என்பதைப் போல, இணைப்போடு தங்கள் பெட்டியையும் ஏற்றே தீர வேண்டுமென்று நிர்ப்பந்தித்து வந்தன. ஜனங்கள் முறையிட்டு, விஷயம் பார்லிமெண்டு வரை சென்று, கம்பெனியின் ஆதிக்கம் சுவரிலுள்ள இணைப்புத் துளையோடு முடிவடைகிறது, அதற்கு இப்பால் எந்தப் பெட்டியை வைப்பது என்பது வீட்டுக்காரனின் சுயேச்சை என்று 2016 ஆகஸ்டு 1 முதல் சட்டமே அமலுக்கு வந்துவிட்டது. அதற்கு வேண்டிய விவரங்களைப் புதிய சந்தாதாரர் கேட்காமலேயே, கம்பெனி இலவசமாக, எழுத்து மூலம் தந்துவிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

அந்தப் பிரகாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. நீண்ட எண்களை மூச்சுவிட இடமின்றிக் கோத்து, அதுவே என்னுடைய பெயர் என்று தெரிவித்திருந்தார்கள். அப்பெயரை இவ்வூர் ஸ்தாபனத்தின் தயாரிப்பான ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ஒன்றில் பதித்தேன். விளக்குகள் எரிந்தன, கைப்பேசி உயிர் பெற்றது. வீட்டுக் கம்ப்யூட்டர் மாத்திரம், அப்படியொரு வைஃபை பூலோகத்திலேயே இல்லையென்று சாதித்தது. கம்பெனியின் உதவி எண்ணில் வெகுநேரம் சங்கீதம் கேட்பித்த பின், “சொந்தப் பெட்டியா? அப்படியானால் பொறுப்பும் தங்களுடையதே” என்று மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல் கைவிட்டார்கள்.

காரணம் பிறகு விளங்கியது. அந்தக் கம்ப்யூட்டர் அத்திம்பேர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஐரோப்பாவுக்கு 13 சானல்கள். அமெரிக்கப் பழக்கத்திலோ 11தான். எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு ரௌட்டர் இருப்பதால், ஒழிந்த இடம் தேடிப் புறப்பட்ட என் பெட்டி 13இல் போய் உட்கார்ந்துகொண்டது. 11க்கு மேல் எண்ணக் கற்பிக்கப்படாத கம்ப்யூட்டர் அதை எங்ஙனம் காணும்? ஆகவே, தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்திற்காக வாதாடி வாங்கிய அப்பெட்டியின் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தை நானே பறித்து, அதை 6ஆம் சானலில் கட்டிப்போட்டேன். சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்னோர் அலைவரிசையான, சந்தடி குறைந்த 5 கிகாஹெர்ட்ஸில்தான் முகம் பார்த்துப் பேசுவது சரிப்படுகிறது. அங்கேயும் ஓர் ஆசாரம் உண்டு: அதன் பல சானல்களில் ரேடாருக்கே முதல் மரியாதையாகையால், ரௌட்டரானது வாய் திறக்குமுன் ஒரு நிமிஷமும், வானிலை ரேடார் உலவும் பகுதியில் 10 நிமிஷமும் மௌனமாகச் செவிசாய்த்துவிட்டே பேசத் தொடங்கும், நடுவில் ரேடாரைப் போன்ற சப்தம் எட்டினாலும் அக்கணமே இடத்தைக் காலி செய்யும்.

ஆதலால் ஞாயிற்றுக்கிழமை, சித்தி ஏதேனும் ஒரு பெண்ணின் ஜாதகத்தைப் பற்றி ஆரம்பித்த தருணத்தில் என் முகம் மறைந்துபோனால், வேண்டுமென்றே போனை வைத்துவிட்டதாக அவர் கருதாமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாதகத்தைத் தபாலில் அனுப்பலாம். இங்கே தபாலுக்கு சானல் கிடையாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள பிள்ளை